மெய்க்காப்பு

துரையின் ஆபீஸ் மேஜைமேல் மூன்று சாமான்கள் இருந்தன. மிளகாய்ப் புகை பீச்சும் குப்பி ஒன்று. ஆளைவிடப் பெரிதாக அலறும் ஊதுகுழல் ஒன்று. இடுப்பில் கட்டிக்கொள்ளும் கறுப்புப் பட்டை ஒன்று. இதில் எது கரடியிடமிருந்து காப்பாற்றும் என்று பிலோமினா சொல்ல வேண்டும், அதற்குத் துரை கையெழுத்துப் போடுவார். எஸ்டேட் மேனேஜரைத் துரை என்று கூப்பிடும் வழக்கம், வெள்ளைக்காரன் போய் நூறு வருஷம் ஆன பிறகும் போகவில்லை.

பிலோமினா எட்டாம் நம்பர் காட்டின் மேஸ்திரி. காடு என்றால் தேயிலைக் காடு. கோத்தகிரிக்குக் கீழே சரிவில் இருக்கிறது. அடியில் ஓடை, ஓடையோரம் உண்ணிச்செடிப் புதர், புதருக்குள் கரடி. அந்தக் காட்டில் பதினாலு பெண்கள் கொழுந்து பறித்தார்கள். கரடியைப் பற்றி அவளிடம் கேட்பதற்குத் துரையிடம் ஒரு காரணம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் அவள் புருஷன் சூசைநாதனின் முகத்தில் பாதியைக் கரடி எடுத்துக்கொண்டு போயிருந்தது. ஆகவே அவளுக்கு அனுபவம் உண்டு என்று துரை முடிவு செய்திருந்தார்.

குப்பியைக் கையில் எடுத்துப் பார்த்தாள் பிலோமினா. "இதை எத்தனை அடி தூரத்துல அடிக்கணும் சார்?"

"இருபது அடிங்க," என்றான் மிதிலன். கம்பெனியிலிருந்து வந்திருந்த இன்ஜினியர், கோயம்புத்தூர்ப் பையன், குளிருக்கு இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தான்.

"புதர்ல இருந்து அது எந்திரிக்கும்போது நமக்கும் அதுக்கும் மூணு அடிதான் இருக்கும். நான் மூடியைத் திருகி முடிக்கிறதுக்குள்ள அது என் மூக்கைத் திருகி முடிச்சிரும்."

"ஊதுகுழல்?" என்றார் துரை.

"கீழ ரேஷன் கடையில வச்சாங்களே சார். ரெண்டு நாள் பயந்துச்சு. மூணாம் நாளு சத்தத்தைக் கேட்டு, கடை திறந்துட்டாங்கன்னு ஜோடியா வந்து எண்ணெய் டின்னைத் தூக்கிட்டுப் போயிருச்சு."

மழை முறை தவறிப்போய்க் காட்டில் பழமும் கறையானும் அற்றுப்போனதிலிருந்து, அந்தப் பக்கத்துக் கரடிகள் அப்படித்தான் வீடு வாசல் பழகியிருந்தன. மீதி இருந்தது பட்டை. மிதிலன் அதை இரண்டு கையாலும் எடுத்தான்.

"கரடின்னு கத்தினாப் போதுங்க மேஸ்திரியம்மா. இதுல இருந்து ஒரு அதிர்வு கிளம்பும். நம்ம காதுக்கு எட்டாது. கரடிக்கு வயித்தைப் புரட்டிடும், திரும்பிப் பார்க்காம ஓடிடும். முக்கால் செகண்டுல வேலை முடிஞ்சுது."

"கரடின்னு நாங்க ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லுவோமே."

மிதிலன் தலையைச் சொறிந்தான். "முதல்ல சோதிச்ச எஸ்டேட்டுலயும் அதே தொல்லைதாங்க. யாராவது கதை அளந்தா, பக்கத்துல இருக்கறவங்க 'கரடி விடாதடி'ங்கறாங்க. உடனே பட்டை வேலை செய்யுது. ஒரே நாள்ல நாப்பத்தேழு தடவை. சாயங்காலம் நிஜக் கரடி வர்றப்ப பட்டை காலிங்க. அதைச் சரி பண்ணிட்டோம். இப்ப எது நிஜம், எது பொய்னு பட்டைக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"குரல், நாடி, வேர்வை. ஆனா அதெல்லாம் பார்த்து முடிவு பண்ண நேரம் பிடிக்குதுங்க. அதனால ஒவ்வொருத்தரும் வழக்கமா எவ்வளவு நிஜம் பேசறாங்கன்னு நூத்துக்கு ஒரு நம்பர் வெச்சுக்கும். நிஜம் பேசறவங்க கத்தினா சட்டுனு நம்பிடும். மத்தவங்க கத்தினா கொஞ்சம் யோசிக்கும்."

"எவ்வளவு யோசிக்கும்?"

"ஆளைப் பொறுத்துங்க," என்றான் மிதிலன்.

பிலோமினா ஜன்னல் வழியாகச் சரிவைப் பார்த்தாள். சூசைநாதனைத் தூக்கிக்கொண்டு வந்தபோது அவன் முகத்தில் போர்த்தியிருந்த துண்டு ஞாபகம் வந்தது. இன்னொரு துண்டைப் பார்க்க அவளால் முடியாது. பட்டையே இருக்கட்டும் என்றாள். துரை கையெழுத்துப் போட்டார். பட்டையின் உட்புறம் அதன் பெயர் அச்சிட்டிருந்தது: மெய்க்காப்பு. மெய் என்றால் உடம்பு என்று நினைத்துத்தான் கம்பெனிக்காரர்கள் அந்தப் பெயரை வைத்திருந்தார்கள்.

அந்தப் பதினாலு பேரில் ஒருத்தி சந்தானமேரி. சூசைநாதனின் அக்கா, பிலோமினாவுக்கு மதினி. வயது ஐம்பத்திரண்டு, மாரில் இரைப்பு, ஆனால் தொண்டை மட்டும் அடுத்த மலை வரைக்கும் எட்டும். நிரையில் இறங்கியதும் வாயைத் திறப்பாள், கொழுந்து நிறுக்கும்போதுதான் மூடுவாள். அவள் சொல்வதில் நிஜம் என்று எதையும் யாரும் எடுத்துக்கொண்டதில்லை. அவள் கல்யாணத்தன்று மாப்பிள்ளை வராமல் அவருடைய கோட்டு மட்டும் பஸ்ஸில் வந்ததாம், கோட்டுக்கே மாலை போட்டாளாம். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் ஒரு யானை படுத்திருந்ததாம், அதற்கும் இரைப்புதானாம், ராத்திரியெல்லாம் இவள் மூச்சை அது விட்டுக் கொடுத்ததாம். பெண்கள் கண்ணில் நீர் வரச் சிரிப்பார்கள். "கரடி விடாத மதினி!" என்று பிலோமினா கத்துவாள். அது காட்டில் மட்டும். வீட்டில் அந்த வார்த்தையை இரண்டு வருஷமாக யாரும் சொன்னதில்லை.

பட்டை கட்டிய முதல் நாள் சாயங்காலம் எல்லோர் இடுப்பிலும் நம்பர் தெரிந்தது. நாற்பதுக்கு மேல் பச்சை விளக்கு, கீழே சிவப்பு. பிலோமினாவுக்குத் தொண்ணூற்றேழு. மற்றவர்களுக்கு எழுபது, எண்பது. சந்தானமேரிக்கு நாலு.

"நாலுன்னா எவ்வளவு நேரம் யோசிக்கும் தம்பி?" என்று சந்தானமேரி கேட்டாள்.

மிதிலன் கையிலிருந்த திரையைத் தட்டினான். "பதினோரு செகண்டுங்க."

"கரடி எவ்வளவு நேரம் எடுத்துக்கும்?"

"ரெண்டு செகண்டு."

"அப்ப மீதி ஒம்பது செகண்டு நான் அதுக்கிட்டப் பேசிக்கிட்டு இருக்கணும். செய்யலாம்," என்றாள் சந்தானமேரி.

சிரிக்கிற விஷயம் அத்தோடு முடிந்தது. இன்ஷூரன்ஸ்காரர்கள் ஒரு விதி வைத்திருந்தார்கள். மாதக் கடைசிக்குள் நாற்பதைத் தொடாதவர்களை ஓடையோரக் காட்டில் வேலைக்கு விடக் கூடாது. விட்டால் எல்லோருக்குமே காப்பீடு கிடையாது. அப்படிப்பட்டவர்களுக்கு ஃபேக்டரியில் தேயிலைத் தூசி கூட்டுகிற வேலைதான் இருந்தது. இரைப்பு உள்ளவளை அங்கே விட்டால் ஆறு மாதம் தாங்குவாளா? பட்டைதான் வேண்டும் என்று கேட்டு வாங்கியவள் பிலோமினா அல்லவா.

இதற்கிடையில் காட்டில் வேறொன்று நடந்தது. பட்டை கரடியை மட்டும் கவனிக்கவில்லை. "சாப்பிட்டியாக்கா?" என்று ஒருத்தி கேட்பாள். "ஆச்சு," என்பாள் மற்றவள், அவள் நம்பர் ஒன்று இறங்கும். "மருமக நல்லா வச்சிருக்காளா?" என்றால், "தங்கம்டி," என்று பதில் வரும், மூன்று இறங்கும். மருமகள் அடுத்த நிரையிலேயே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இரண்டு வாரத்தில் நாலு பேர் நாலு பேரோடு பேச்சை நிறுத்தினார்கள். மூன்றாவது வாரம் யாருமே யாரோடும் பேசவில்லை. கத்தரிக்கோல் சத்தமும் இருமல் சத்தமும்தான். கொழுந்து வரத்து கூடியது. துரைக்குப் பரம சந்தோஷம்.

பிலோமினாவுக்கும் ஓர் அடி விழுந்தது. தினமும் சாயங்காலம் அவள் பட்டையைக் கழற்றி, ஆள் கணக்கெடுக்கும் மஸ்டர் கொட்டகையில் மாட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். வீட்டில் சூசைநாதன் முகம் கழுவிவிட்டு அவள் பக்கம் திரும்புவான். கண்ணாடி பார்க்க மாட்டான். அவளைத்தான் பார்ப்பான்.

"கொறஞ்சிருக்கா?" என்பான். தழும்பைக் கேட்கிறான்.

"கொறஞ்சிருக்கு," என்பாள் அவள்.

இரண்டு வருஷமாக இது நடக்கிறது. அவன் எப்போதுமே அளந்து பேசுகிறவன், கரடிக்குப் பிறகு அதுவும் சுருங்கி, ஒரு நாளைக்கு அவன் பேசுகிற பேச்சில் பாதி இதுதான். ஒரு நாள் மழை அவசரத்தில் அவள் பட்டையோடு வந்துவிட்டாள். அவன் கேட்டான், அவள் சொன்னாள். அவள் இடுப்பில் தொண்ணூற்றேழு தொண்ணூற்றொன்று ஆனது. அவன் ஒற்றைக் கண்ணால் அந்த நம்பரைப் பார்த்தான், பிறகு சோற்றைப் போடச் சொன்னான். மறுநாளிலிருந்து அவன் கேட்கவில்லை. பிலோமினா அடுப்படியில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

சந்தானமேரி மட்டும் விடாமல் முயற்சி செய்தாள். சும்மா இருந்தால் நம்பர் ஏறாது, நிஜம் பேசினால்தான் ஏறும். அவளுக்கோ நிஜத்தில் பழக்கமில்லை. "மழை வரும் போல," என்று ஆரம்பித்தாள், வானம் வெளுத்திருந்தது, ஒன்று இறங்கியது. பிறகு விவரம் புரிந்துகொண்டு, கண்ணெதிரே இருப்பதை மட்டும் சொல்லத் தொடங்கினாள்.

"இது தேயிலை. இது என் கை. இது என்னோட இன்னொரு கை. அந்தா இருக்கிறது மலை."

அந்தத் தொண்டையிலா இப்படியொரு குரல் என்று இருந்தது. ஜெபமாலை உருட்டுகிற மாதிரி, காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் முணுமுணுப்பாள். ஒன்பது, பதினாறு, இருபத்தைந்து என்று நம்பர் ஏறியது. மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது முப்பத்தெட்டு.

"இன்னும் ரெண்டே ரெண்டு மதினி," என்றாள் பிலோமினா.

"ஆமா," என்றாள் சந்தானமேரி. "எனக்குப் பேரு சந்தானமேரி. எனக்கு ஐம்பத்திரண்டு வயசு. எனக்கு இந்தப் பொழப்பு பிடிக்கல."

முப்பத்தொன்பது ஆகவில்லை, ஆனால் விளக்கு கொஞ்சம் மினுங்கியது.

அன்று மத்தியானம் பிலோமினா ஓடையோரக் கடைசி நிரைக்கு இறங்கினாள். சத்தமே இல்லை. தன் செருப்பு சேற்றில் பதிவதுகூட அவளுக்குக் கேட்டது. உண்ணிப் புதரை ஒட்டியிருந்த செடியில் கொழுந்து முற்றியிருக்கிறதா என்று குனிந்தாள். புதர் எழுந்து நின்றது.

மூன்று அடிதான். மாரில் வெள்ளையாக வளைவு, கீழே தொங்கும் உதடு, விரல் நீளத்துக்கு நகம். தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்ட ஆத்திரம் அதற்கு. பிலோமினா வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. தொண்ணூற்றொன்று நம்பர் இடுப்பில் பச்சையாக எரிந்துகொண்டு, அவள் ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று காத்திருந்தது.

முப்பது அடி மேலே சந்தானமேரி பார்த்துவிட்டாள். "கரடி! பிலோ, கரடி!"

மற்றப் பெண்கள் எல்லோரும் சட்டென்று திரும்பினார்கள். திரும்பியவர்கள் புதரைப் பார்க்கவில்லை, சந்தானமேரியின் இடுப்பைப் பார்த்தார்கள். சிவப்பு. ஒரு மாதமாக யார் பேசினாலும் வாயைப் பார்க்காமல் இடுப்பைப் பார்த்துப் பழகியிருந்தார்கள். இரண்டு பேர் குனிந்து வேலையைத் தொடர்ந்தார்கள். பட்டையும் யோசித்துக்கொண்டிருந்தது.

சந்தானமேரி கத்தரியை வீசிவிட்டுச் சரிவில் இறங்கினாள், ஓடவில்லை, இடுப்பில் கைவைத்து நடந்தாள்.

"ஏய்! யாருன்னு நெனச்ச? என்னைத் தெரியல? ஊட்டி குதிரை மைதானத்துல போன வருஷம் உங்க சித்தப்பன்மேல ஏறி மூணு ரவுண்டு வந்தவ நான்தான்! கவர்னர் கையால கப்பு வாங்கினேன், எங்க வீட்டுல அதுலதான் ரசம் வைக்கிறோம்! உங்க அம்மாவுக்குப் பல்லு வலின்னு வந்தப்ப நான்தான் கொறடால புடுங்கிவிட்டேன், கேட்டுப் பாரு!"

முப்பத்தெட்டு முப்பதானது. இருபதானது. வாக்கியத்துக்கு வாக்கியம் பட்டை ஒழுங்காகக் கழித்துக்கொண்டே வந்தது. கரடி இரண்டு காலில் நின்றபடி மூக்கைத் தூக்கியது. தலையைச் சாய்த்தது. அந்தக் குரல் அதற்குத் தெரிந்த குரல்தான் போலிருந்தது. ஒரு மாதமாகக் காணாமல் போயிருந்த குரல். நாலு காலில் இறங்கி, அலுத்துக்கொள்கிற மாதிரி ஓர் உறுமல் உறுமிவிட்டு, ஓடைக்குள் இறங்கிப் போய்விட்டது.

அது போய் மறைந்த பிறகு, முதலில் கேட்ட சத்தம் நிஜம்தான் என்று பட்டைக்குத் தீர்மானமானது. ஒன்றோடொன்று இணைத்திருந்த பதினைந்து பட்டையும் ஒன்றாக அதிர்ந்தன. மனிதர்களுக்கு ஒன்றும் செய்யாது என்று கையேட்டில் போட்டிருந்தது. எட்டாம் நம்பர் காடு முழுவதும் பெண்கள் உட்கார்ந்து வாந்தி எடுத்தார்கள்.

பிலோமினா சேற்றில் கிடந்தபடியே மதினியின் காலைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். சந்தானமேரிக்கு மூச்சு இரைத்தது. குனிந்து தன் இடுப்பைப் பார்த்தாள்.

"போச்சுடி பிலோ. ரெண்டுதான் பாக்கி இருந்துச்சு. இந்தா, மூணுல நிக்குது," என்றாள்.

மறுநாள் காலையில் மிதிலன் மூன்று ஸ்வெட்டரோடு வந்தான். துரையின் மேஜைமேல் ஒரு திரையை விரித்தான். அந்தக் காட்டுக் கரடிகளின் உடம்பில் எல்லாம் வனத்துறைக்காரர்கள் சில்லு வைத்திருந்தார்கள், எட்டு வருஷமாக எந்தக் கரடி எங்கே போனது என்பது புள்ளி புள்ளியாக இருந்தது. மற்றக் காடுகளில் எல்லாம் அம்மை போட்ட மாதிரி புள்ளிகள். எட்டாம் நம்பர் மட்டும் துடைத்து வைத்தது போல் இருந்தது.

"பட்டை வர்ற வரைக்கும் ஓடையைத் தாண்டி ஒரு கரடிகூட வரலைங்க," என்றான் மிதிலன். குரல் இறங்கியிருந்தது. "கரடிக்குக் கண்ணும் காதும் மந்தம். ஆள் பக்கத்துல வர்ற வரைக்கும் தெரியாது, தெரிஞ்சதும் பயத்துல அடிக்கும். தூரத்துல இருந்தே பலத்த பேச்சு கேட்டா அதுவே விலகிப் போயிடும். ஒரே சத்தம்னா பழகிடும். இங்க தினமும் புதுசு புதுசா..." சந்தானமேரி என்ற பெயரைச் சொல்லாமல் கையைக் காட்டினான். "நாங்க அதைத்தாங்க நிறுத்திட்டோம்."

பிலோமினா திரையில் ஒரு மூலையைத் தொட்டாள். "இங்க ஒரு கொத்து இருக்கே."

"அது ரெண்டு வருஷத்துக்கு முன்னங்க. ஆடி மாசம். ஒரே ஒரு வாரம்."

ஆடி மாதம் அந்த ஒரு வாரம்தான் சந்தானமேரி கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் இரைப்புக்காகப் படுத்திருந்தாள். அந்த வாரம்தான் சூசைநாதன் தனியாக, வாயைத் திறக்காமல், ஓடையோரம் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கப் போனான். பிலோமினா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

துரை தொண்டையைக் கனைத்தார். "அந்தம்மா குரலைப் பதிவு பண்ணி ஸ்பீக்கர்ல போடலாமே?"

"மூணு நாள் தாங்கும் சார்," என்றாள் பிலோமினா. "நாலாம் நாளு, இது போன வாரம் சொன்ன கதைதானேன்னு அதுக்குத் தெரிஞ்சிரும். எண்ணெய் டின்னைத் தூக்கும்."

மிதிலன் தலையாட்டினான். துரை பெருமூச்சு விட்டுப் புதிய படிவம் ஒன்றை எடுத்தார்.

"சாதனத்தின் பெயர்?"

"சந்தானமேரி."

"எத்தனை வேணும்?"

"ஒண்ணுதான் சார் இருக்கு."

"இயங்கும் முறை," என்று படித்துவிட்டுத் துரை பேனாவைக் கடித்தார். பிறகு தானே எழுதினார்: கரடி விடுதல். இன்ஷூரன்ஸ்காரர்களுக்கு விளக்கம் சொல்லும் பொறுப்பை மிதிலன் ஏற்றுக்கொண்டான். அன்றைக்கே பதினைந்து பட்டையையும் பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு மலை இறங்கினான். இரண்டு நாள் கழித்து மருமகளும் மாமியாரும் பேசிக்கொண்டார்கள். ரசம் வைத்த கப்பு இப்போது எங்கே என்று ஒருத்தி கேட்க, அதைக் குரங்கு தூக்கிப் போய் அதில் பல் விளக்குகிறது என்று சந்தானமேரி ஆரம்பித்தாள். கொழுந்து வரத்து பழையபடி குறைந்தது.

பட்டைகள் போன அன்று சாயங்காலம் பிலோமினா வீட்டுக்கு வந்தபோது சூசைநாதன் முகம் கழுவிக்கொண்டிருந்தான். துடைத்துக்கொண்டு திரும்பினான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை, இடுப்பைத்தான் பார்த்தான். அங்கே சேலை மட்டும் இருந்தது. இனிப் பட்டை கிடையாது என்ற சேதி அவன் காதுக்கும் எட்டியிருந்தது. கொஞ்ச நேரம் துண்டை மடித்தான், பிரித்தான்.

"கொறஞ்சிருக்கா?" என்றான்.

பிலோமினா கிட்டப்போய் அவன் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். ஒரு பக்கம் முகம் இருந்தது. ஒரு பக்கம் தையல் இருந்தது.

"கொறஞ்சாப் பரவாயில்லையே. நேத்து நீங்க கடைக்குப் போனீங்கல்ல, அந்த மேல்வீட்டுப் பொண்ணு உங்களைப் பாத்துக்கிட்டே வந்து மின்கம்பத்துல முட்டிக்கிட்டா. நெத்தியில மூணு தையலு. அவங்க அம்மா எங்கிட்டச் சண்டைக்கு வர்றா, உம் புருஷனை முக்காடு போட்டு அனுப்புடின்னு."

சூசைநாதன் அவளையே பார்த்தான். வாயின் ஒரு பக்கம்தான் அவனுக்கு அசையும், அது அசைந்தது. தோள் குலுங்கியது. இரண்டு வருஷமாக அந்த வீட்டில் யாரும் சொல்லாத வார்த்தையை அவனே சொன்னான்.

"கரடி விடாத புள்ள."

பிலோமினா அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே இன்னொன்று விட்டாள்.